விரிப்பின் மூலையில் கறுப்பு நூல்

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் முத்துவடிவு லாட்ஜ் என்று முப்பத்திரண்டு அறைகளோடு ஒரு கட்டடம் இருந்தது. எந்த அறையில் குழாய் ஒழுகும், எந்த ஜன்னல் வழியாகக் குரங்கு வரும், எந்தக் கட்டில் கால் ஆடும் என்று கேட்டால் முதலாளிக்குத் தெரியாது, மேனேஜருக்கும் தெரியாது. பொன்செல்விக்குத் தெரியும். பதினான்கு வருஷமாக அந்த அறைகளைக் கூட்டித் துடைத்து, விரிப்பு மாற்றி, வாளி கழுவி வைத்தவள் அவள். கூட ஆறு பெண்கள் இருந்தார்கள். ஆனால் பொன்செல்வி கை ஓய்ந்து நின்று யாரும் பார்த்ததில்லை. வாய் ஓய்ந்தும் பார்த்ததில்லை.

வயது நாற்பத்தாறு. பிறந்தது ஆய்க்குடி, வாழ்க்கைப்பட்டது காசிமேஜர்புரம். எட்டாவது முடித்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அந்த ஆத்திரமோ என்னவோ, எழுத்து என்று எது கண்ணில் பட்டாலும் படித்துவிடுவாள். புருஷன் நாறும்பூநாதன் தள்ளுவண்டியில் பழம் விற்கிறவர். பழம் பொதிந்து கொடுக்க அவர் வாங்கி வரும் பழைய பேப்பரை இவள் ஒரு தடவை படித்து முடித்த பிறகுதான் கிழிக்க முடியும். சீசனில் ரம்புட்டானும் மங்குஸ்தானும், மற்ற நாளில் கொய்யாவும் நெல்லிக்காயும். வண்டி நிற்பது லாட்ஜின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி.

அந்த லாட்ஜில் ஒரு பழக்கம் உண்டு. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

பின்பக்கத்து வெட்டவெளி அடுத்தடுத்த மூன்று லாட்ஜுகளுக்கும் பொது. துவைத்த விரிப்பெல்லாம் அங்கேதான் காயும். எல்லாமே வெள்ளை, எல்லாமே ஒரே அளவு. காற்றடித்தால் யாருடையது எது என்று தெரியாது. தினம் ஒரு சண்டை. கடைசியில் பெண்களே பேசி, லாட்ஜுக்கு ஒரு நிறத்தில் நூல் என்று வைத்துக்கொண்டார்கள். முத்துவடிவு லாட்ஜுக்குப் பச்சை. புது விரிப்பு வந்ததும் மூலையில் நூலால் குறி போட்டுவிட வேண்டும். மற்றவர்கள் போட்ட தையல் நாலு துவைப்பில் அவிழ்ந்துவிடும். பொன்செல்வி போட்டது துணி கிழிந்தாலும் கிழியுமே தவிர அவிழாது. அதனால் அந்த வேலை அவள் தலையில் விழுந்தது. அதற்குத் தனிக் கூலி என்று யாரும் கேட்கவுமில்லை, கொடுக்கவுமில்லை.

சபரிமலைக்கு மாலை போட்டு வருகிறவர்களுக்கென்று தனியாக நாற்பது விரிப்புகள் உண்டு. அடுத்தவர் படுத்தெழுந்த துணியில் சாமிமார்கள் படுக்க மாட்டார்கள். கார்த்திகை பிறந்ததும் அவை தகரப் பெட்டியிலிருந்து வெளியே வரும். தனி வாளி, தனி சோப்பு, மொட்டைமாடியில் தனிக் கொடி. தையில் மகரஜோதி பார்த்துவிட்டுக் கடைசி வேனும் போனபிறகு, துவைத்து மடித்துக் கற்பூரம் போட்டுத் திரும்பப் பெட்டிக்குள் போய்விடும். மற்ற நாளில் யார் கையும் படாது. அவற்றுக்குப் பொன்செல்வி கறுப்பு நூல் போட்டாள். வருஷத்துக்கு இரண்டு மூன்று புதிதாக வாங்கிச் சேர்ப்பார்கள். எந்த வருஷத்துத் துணி என்று தெரிய வேண்டுமே? அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷத்துக்கு ஒரு தையல், மறு வருஷத்துக்கு இரண்டு, அதற்கடுத்து மூன்று. இரண்டு மாதம் மட்டும் வெளியே வருகிற துணி என்பதால் பழையதும் நைந்து போகாமல் கிடந்தது. ஒரு தையலிலிருந்து பதினான்கு தையல் வரைக்கும் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தன.

இனி காலண்டர் கதைக்கு வரலாம்.

வரவேற்பு மேஜைக்குப் பின்னால் சாமி படம் போட்ட பெரிய காலண்டர் ஒன்று தொங்கும். அதற்குப் பின்னால் கண்ணாடிச் சட்டம் போட்ட ஏதோ ஒரு தாள். யாராவது அதிகாரி வருகிறார் என்று தெரிந்தால் மேனேஜர் பிரின்ஸ் காலண்டரைக் கழற்றுவார். "செல்வியக்கா, அந்தக் கண்ணாடியை ஒரு துடை துடைங்க" என்பார். அவளும் துடைப்பாள். அதிகாரி போனதும் காலண்டர் மறுபடி ஆணிக்கு வந்துவிடும். தீயணைப்பு லைசென்ஸாக்கும் என்று பொன்செல்வி நினைத்திருந்தாள். பழைய பேப்பரை எழுத்துவிடாமல் படிக்கிற பெண், பதினான்கு வருஷம் தன் கையாலேயே துடைத்த கண்ணாடிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. துடைக்கச் சொன்னதைத் துடைப்பது வேறு, படிப்பது வேறு என்று அந்த இடத்தில் நின்றால் யாருக்கும் தோன்றிவிடுகிறது.

ஒரு தை மாதம் பழைய காலண்டரைக் கழற்றிவிட்டார்கள், புதுசு வந்து சேரவில்லை. மூன்று நாள் சட்டம் வெறுமனே தொங்கியது. மூன்றாம் நாள் காலையில் துடைக்கப் போனவள் நின்றுவிட்டாள். தங்கும் விடுதிகளில் வேலை செய்வோருக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி. அறைப் பணியாளர், துப்புரவுப் பணியாளர், சலவைப் பணியாளர். கண்ணாடிமேல் விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். சீசனில் அவளுக்கு நாளொன்றுக்கு முந்நூறு, மற்ற மாதங்களில் இருநூறு. தாளில் போட்டிருந்தது, சீசன் சம்பளத்தைவிடவே அதிகம். அதில் சீசன் என்றும் சீசன் இல்லாத நாள் என்றும் பிரிவே இல்லை.

இரண்டு தடவை படித்தாள். பிறகு கண்ணாடியில் பதிந்திருந்த தன் விரல் தடத்தைப் பழக்கதோஷத்தில் துடைத்துவிட்டுத்தான் அங்கிருந்து நகர்ந்தாள். அன்றைக்குப் பூராவும் அதை நினைத்து நினைத்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏட்டி ரெபேக்கா, அந்தக் காலண்டருக்குப் பின்னால தொங்குதது என்னன்னு தெரியுமா?" என்று சலவை அறையில் கேட்டாள். ரெபேக்காள் ஆறு வருஷமாகக் கூட வேலை பார்ப்பவள். அமைதியானவள், சாடைப் பேச்சுக்கெல்லாம் வரமாட்டாள்.

"லைசென்ஸுல்லா அது?"

"லைசென்ஸா? நம்ம கூலிட்டி! நம்ம கூலிய கண்ணாடி போட்டு மாட்டி, அதுக்கு மேல சாமி படத்த மாட்டி வச்சிருக்கானுவ."

ரெபேக்காள் வாசல் பக்கம் பார்த்தாள். "மெதுவா பேசுங்கக்கா. பிரின்ஸ் காதுல விழுந்துரப் போவுது."

"விழட்டும். நான் மொதலாளிட்டயே கேக்கப் போறேன்."

முதலாளி முத்துகுமரனுக்கு முப்பத்தெட்டு வயது. அப்பா காலமான பிறகு லாட்ஜ் அவர் கைக்கு வந்தது. வந்த முதல் நாளே எல்லோரையும் கூப்பிட்டு, "என்னைய யாரும் மொதலாளின்னு கூப்பிடக் கூடாது, தம்பின்னு கூப்பிடுங்க" என்று சொன்னவர். வேலைக்காரப் பெண்கள் எல்லோரும் அவருக்கு அக்காதான். வருஷாவருஷம் சாரல் விழுந்ததும் பூஜை போட்டு ஆளுக்கொரு சேலை கொடுப்பார். பேச்சில் தேன் ஒழுகும். சம்பளம் மட்டும் அப்பா காலத்தில் வைத்த இடத்திலிருந்து அசையவில்லை.

"தம்பி, அந்தச் சட்டத்துக்குள்ள இருக்க தாளு யாருக்கு?" என்று பொன்செல்வி கேட்டாள்.

"அதா? அது கவர்மென்ட்காரனுக்குக்கா."

"எங்க வேலை பேரு போட்டிருக்கு. நாங்க படிக்கக் கூடாதா?"

முத்துகுமரன் சிரித்தார். "நம்ம குடும்பத்துக்குள்ள சட்டம் என்னத்துக்குக்கா? சீசன்ல டிப்ஸ் வருது. மத்தியானம் சாப்பாடு போடுதோம். உங்க மக வளைகாப்புக்கு நான் வந்து நின்னேனா இல்லையா?"

"வந்திய. ஐந்நூறு மொய் வச்சிய. நான் மறக்கலை. நானும் உங்க வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்தேன். மூணு நாளு குத்தவச்சு பாத்திரம் வெளக்கினேன். குடும்பம்னா உங்க சொந்த அக்காவும் எங்கூட உக்காந்து வெளக்கியிருக்கணும்லா?"

முத்துகுமரன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. கண் மட்டும் மாறிப்போனது. "யோசிப்போம்க்கா" என்றார். பெரிய இடங்களில் யோசிப்போம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம் என்பதைக் குழந்தைகூடச் சொல்லும்.

அன்று மத்தியானமே புதுக் காலண்டர் வந்து ஆணியில் ஏறிவிட்டது.

பொன்செல்வி இரண்டு நாள் உட்கார்ந்து மனு எழுதினாள். தென்காசியில் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு. சட்டப்படியான கூலி வேண்டும், ஏழு பேரையும் வேலையாள் என்று பதிவேட்டில் எழுத வேண்டும், விட்டுப்போன கூலியைத் தர வேண்டும். மூன்றே விஷயம். ஆனால் அதில் ஒரு தப்புச் செய்தாள். சோறு போடுகிற இடத்து மனுஷனை வெறும் பேர் சொல்லி எழுதக் கை வரவில்லை. "எங்கள் தம்பி முத்துகுமரன் அவர்களுடைய லாட்ஜில்" என்று எழுதினாள். மரியாதை தெரிந்த பெண். அந்த மரியாதை பின்னால் அவள் கழுத்துக்கே வந்தது.

அலுவலகத்திலிருந்து லாட்ஜுக்கு நோட்டீஸ் போன மறுநாள், பிரின்ஸ் அவளை வாசலிலேயே நிறுத்தினார். "நாளைலருந்து வர வேண்டாம்னு சொல்லச் சொன்னாவ."

"யாரு? தம்பியா, மொதலாளியா?"

பிரின்ஸ் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம் நாறும்பூநாதனுக்கும் சொல்லியாயிற்று. காம்பவுண்டுச் சுவரை ஒட்டி வண்டி நிற்கக் கூடாது. தன்னுடைய கோபத்துக்குப் பொன்செல்வி பட்டினி கிடக்கலாம். அந்த மனுஷன் என்ன பாவம் செய்தார்? எதிர்த்துப் பேசத் தெரியாதவர், கொய்யாப்பழத்துக்கு விலை கேட்டால் வாங்குகிறவர் முகத்தைப் பார்த்துக் குறைத்துச் சொல்கிறவர். மனுவைத் திரும்ப வாங்கு என்று சொல்லிவிடுவாரோ என்று அவள் பயந்துகொண்டு நின்றாள்.

நாறும்பூநாதன் பழத்தையெல்லாம் அடுக்கினார். வண்டிமேல் போர்த்துகிற துணியை உதறி மடித்தார். "செவரு அவன் செவரு. எடுன்னா எடுக்கத்தான் வேணும்" என்றார். வண்டியைத் தள்ளினார். சாலையைக் குறுக்காகக் கடந்து, எதிர்ச்சாரியில், லாட்ஜ் வாசலுக்கு நேர் எதிரே கொண்டுபோய் நிறுத்தினார். சக்கரத்துக்குக் கல் வைத்தார். "ரோடு அவன் அப்பன் வீட்டு ரோடு இல்லையே?" என்றார்.

பொன்செல்விக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கட்டிய நாளிலிருந்து அந்த மனுஷனை அவ்வளவு பிடித்துப்போன சாயங்காலம் இன்னொன்று இல்லை.

நாலு நாள் கழித்து முத்துகுமரனே காசிமேஜர்புரத்துக்கு வந்தார். கையில் ஸ்வீட் பாக்கெட். "அக்கா, உங்கள சூப்பர்வைசரா போடுதேன். அந்தத் தாளுல இருக்க கூலிய விட நூறு ரூவா கூடவே தாரேன். மனுவ வாபஸ் வாங்கிருங்க."

"மத்த ஆறு பேருக்கு?"

"அது உங்களுக்கு எதுக்குக்கா? அவ்வோ ஒண்ணும் கேக்கலையே."

"கேக்கலைன்னா வேண்டாம்னு அர்த்தமா? பயந்து கெடக்காளுவ. ஏழு பேருக்கும்னா சொல்லுங்க, இப்பமே கையெழுத்துப் போடுதேன். எனக்கு மட்டும்னா, அந்த ஸ்வீட்டையும் எடுத்துட்டுப் போயிருங்க. பேரப்பிள்ளை கண்ணுல பட்டா அழும்."

விசாரணை நாள் மாசிக் கடைசியில் வந்தது. தென்காசி வெயில் அப்போதே மண்டையைப் பிளந்தது. பொன்செல்வி புருஷனோடு டவுன் பஸ்ஸில் போய் இறங்கினாள். அவளிடம் சம்பளச் சீட்டு இல்லை, அடையாள அட்டை இல்லை, வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை. பதினான்கு வருஷம் ஒரு இடத்தில் வேலை பார்த்ததற்கு ஒரு துண்டுத் தாள் கிடையாது. துணிப்பையில் ஒரே ஒரு சாமான் வைத்திருந்தாள்.

ஆய்வாளர் சண்முகப்பிரியாவுக்கு அவள் மகள் வயதுதான் இருக்கும். முகத்தில் தயவும் இல்லை, கடுப்பும் இல்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே கேட்டார். முத்துகுமரன் பக்கத்தில் வக்கீல் விஸ்வநாதன், வெள்ளைச் சட்டை கசங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"மனுதாரர் வேலையாளே கிடையாதும்மா" என்று வக்கீல் ஆரம்பித்தார். "சாரல் சீசன்ல மூணு மாசம் ஒத்தாசைக்கு வருவாங்க. குடும்பப் பழக்கம். அவங்க மனுவிலேயே பாருங்க, எங்கள் தம்பின்னுதான் எழுதியிருக்காங்க. தம்பி வீட்டுல அக்கா வந்து உதவி செஞ்சா அதுக்குப் பேரு வேலையா?"

பொன்செல்விக்குச் சுரீர் என்றது. தான் வைத்த மரியாதையைத் தனக்கே குழியாகத் தோண்டியிருக்கிறான் பாவி என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வக்கீல் இன்னொரு தாளை எடுத்து நீட்டினார். "மத்த பெண்கள் எழுதிக் கொடுத்திருக்காங்க. எல்லாரும் சீசனுக்கு மட்டும் வர்றவங்கதான்னு."

ஆறு கையெழுத்துகள். மூன்றாவது ரெபேக்காள். கோடு போட்ட மாதிரி நேரான கையெழுத்து. அதைப் பொன்செல்வி இரண்டு தடவை பார்த்தாள். வக்கீல் ஆயிரம் சொல்லலாம், அவன் வாங்குகிற காசுக்குப் பேசுகிறான். ஆறு வருஷம் ஒரு தூக்குவாளியில் சாப்பிட்டவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாளே.

"வருஷம் பூரா வேலை பார்த்தீங்கன்னு சொல்ல ஏதாவது ஆதாரம் இருக்கா?" என்று சண்முகப்பிரியா கேட்டார்.

பொன்செல்வி துணிப்பையைத் திறந்து உள்ளே இருந்ததை மேஜைமேல் விரித்தாள். பழுப்பேறிய, நடுவில் கிழிந்த ஒரு கட்டில் விரிப்பு. நாறும்பூநாதன் வண்டியில் பழத்துக்குப் போர்த்துகிற துணி. கிழிந்து போனதைத் துடைக்கிறதுக்கு வைத்துக்கொள் என்று லாட்ஜிலேயே கொடுத்தது.

அதைப் பார்த்ததும் முத்துகுமரன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "மேடம், இது எங்க லாட்ஜ் விரிப்பு! களவாண்டுட்டு வந்திருக்கா பாருங்க!"

அக்கா என்ற சொல் அந்த நிமிஷம் எங்கே போனது என்று தெரியவில்லை.

பொன்செல்வி அசையவில்லை. "எப்படி மொதலாளி அடையாளம் கண்டிய?"

"மூலையில நூலு இருக்குல்லா!"

"என்ன கலரு?"

வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் வாய் முந்திக்கொண்டது. "கறுப்பு. சாமிமார் விரிப்பு."

"எழுதிக்கோங்க மேடம்" என்றாள் பொன்செல்வி. "சாமிமார் விரிப்பு கார்த்திகையிலயும் மார்கழியிலயும்தான் பெட்டிய விட்டு வெளிய வரும். நான் ஆனி ஆடி ஆவணிக்கு மட்டும் வந்து போறவன்னா, இந்தத் துணி என் கைக்கு எப்படி வந்துச்சு? இந்த நூல யாரு போட்டா? இதுல மூணு தையல் இருக்கு, மூணாம் வருசத்துத் துணி. அந்தத் தகரப் பெட்டியத் தொறந்தீங்கன்னா ஒண்ணுலருந்து பதினாலு வரைக்கும் இருக்கும். எல்லாம் என் கை."

"நூல் யார் வேணும்னாலும் போடலாம்" என்றார் வக்கீல்.

"போடலாம். இந்தத் தையல உங்க ஆளு யாராவது ஒருத்தர் போட்டுக் காட்டட்டும். நான் மனுவ கிழிச்சுட்டுப் போயிருதேன்."

சண்முகப்பிரியா அந்த மூலையை எடுத்துப் பார்த்தார். நகத்தால் நெருடிப் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார். "ஜீப் இருக்கு. இப்பவே போய்ப் பார்த்துடலாம்."

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர் இருக்கும். டிரைவர் சாப்பிட்டு வந்து ஜீப் கிளம்ப ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் முத்துகுமரன் தண்ணீர் குடிக்க என்று வெளியே போய் செல்போனைக் காதில் வைத்ததை நாறும்பூநாதன் பார்த்துவிட்டார். பெண்டாட்டியிடம் கண்ணால் காட்டினார். பொன்செல்விக்குப் புரிந்துவிட்டது. ஒரு பிளேடு போதும். நாற்பது மூலைகளையும் பிரித்து எறிய ஒரு மணி நேரம் ஆகாது. அதைப் பிரிக்கச் சொல்லி யார் கையில் பிளேடைக் கொடுப்பார்கள் என்பதும் தெரிந்ததுதான். கையெழுத்துப் போட்டவள் கைக்கு நூலைப் பிரிப்பது ஒரு பெரிய காரியமா? பழைய குற்றாலம் விலக்கு தாண்டி ஜீப் போகும்போது, பதினான்கு வருஷமும் கண்முன்னால் நூல்நூலாகப் பிரிந்து போகிறதே என்று அவள் துணிப்பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் பிரின்ஸ் நின்றார். முகம் வெளிறிக் கிடந்தது. முத்துகுமரன் காரிலிருந்து இறங்கி, என்ன ஆச்சு என்று கண்ணாலேயே கேட்டார். பிரின்ஸ் மாடியைக் காட்டினார்.

மொட்டைமாடியில் கொடிகள் நிறைய வெள்ளை விரிப்புகள். தகரப் பெட்டி திறந்து, காலியாகக் கிடந்தது. நாற்பது விரிப்புகளும் வெயிலில் தொங்கின. மூலைகள் எல்லாம் ஒரே பக்கம், பார்க்கிறவர் பக்கம், வரிசையாக. ஒரு தையல். இரண்டு. மூன்று தையலில் ஒன்றுதான், இன்னொன்று பழவண்டிக்குப் போய்விட்டது. நாலு, ஐந்து என்று போய்க் கடைசிக் கொடியில் பதினான்கு. ஒரு நூலும் பிரியவில்லை.

கொடிக்குப் பக்கத்தில் ரெபேக்காள் நின்றாள். கையில் பிளேடு. காகித உறைகூடப் பிரிக்கவில்லை.

"என்னட்டி இது?" என்றார் முத்துகுமரன்.

"பிரிச்சுப் போடச் சொன்னாவ. எனக்குப் பிரிக்கத் தெரியலை" என்றாள் ரெபேக்காள். முதலாளியைப் பார்க்கவில்லை. பொன்செல்வியையும் பார்க்கவில்லை. ஆய்வாளரைத்தான் பார்த்தாள். "நான் கையெழுத்துப் போட்ட தாளுல எழுதியிருக்கது பொய்யி மேடம். போடலைன்னா நாளைக்கு வராதன்னாவ, போட்டுட்டேன். ஆறு வருசமா பன்னெண்டு மாசமும் வேலை பாக்கேன். ஒம்போது தையலு விரிப்புலருந்து எல்லாத்தையும் இந்தக்கா தைக்கும்போது நாந்தான் முனையப் பிடிச்சேன்."

மற்ற ஐந்து பேரும் படிக்கட்டில் வந்து நின்றிருந்தார்கள். அலிமா முதலில் வாயைத் திறந்தாள். "நான் ஒம்போது வருசம் மேடம்." அதற்குப் பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். சண்முகப்பிரியா நின்றுகொண்டே எழுதினார். ஒரு பக்கம் தீர்ந்து மறு பக்கம் திருப்பினார்.

முத்துகுமரன் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "அக்கா, நமக்குள்ள பேசி முடிச்சிருக்கலாம்லா?"

"அக்கா இல்ல. பொன்செல்வி" என்றாள் அவள். "பேரச் சொல்லிக் கூப்பிடுங்க மொதலாளி. பேருல கூப்பிட்டாத்தான் பேர எழுதத் தோணும்."

கொடியிலிருந்து விரிப்புகளை எடுக்கும்போது ஒரு முனையைப் பொன்செல்வி பிடித்தாள், மறு முனையை ரெபேக்காள் பிடித்தாள். நாற்பதையும் மடித்துப் பெட்டியில் வைத்த பிறகு, ரெபேக்காள் மறுபடி கையில் எடுத்த பிளேடைப் பார்த்து, "பிளேடக் கீழ போடுட்டி, கைய வெட்டிக்கிடாத" என்று மட்டும் பொன்செல்வி சொன்னாள். ரெபேக்காள் சத்தம் போட்டு அழுதாள்.

உத்தரவு வைகாசியில் வந்தது, சாரலுக்கு முன்னால். ஏழு பேர் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும், சேர்ந்த வருஷத்தோடு. சட்டத்தில் உள்ள கூலி பன்னிரண்டு மாதமும். விட்டுப்போன கூலி மூன்று தவணையில். பொன்செல்வியைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும். கூலித் தாளை எல்லோர் கண்ணுக்கும் படும்படி மாட்ட வேண்டும். முத்துகுமரன் மேல்முறையீட்டுக்குப் போகப் போவதாகச் சொல்லிப் பார்த்தார். சீசன் நேரத்தில் ஏழு பேரும் வெளியே நின்றால் முப்பத்திரண்டு அறைகளுக்கும் விரிப்பு மாற்ற ஆள் யார் என்று வக்கீலே கேட்டிருக்க வேண்டும். போகவில்லை. அந்த வருஷம் பூஜைச் சேலை கொடுக்கவில்லை. அதற்காக யாரும் உடுக்கத் துணியில்லாமல் நிற்கவுமில்லை.

ஆனி பிறந்த அன்று மேகம் இறங்கி, குற்றாலத்துக் காற்றில் பொடிச்சாரல் வந்தது. நாறும்பூநாதன் எதிர்ச்சாரியிலேயே ரம்புட்டானைக் கொட்டி வைத்திருந்தார். சுவர் ஓரத்துக்கு வந்து நின்றுகொள்ளலாம் என்று பிரின்ஸ் சொல்லியனுப்பினார். இங்கேயே வியாபாரம் நல்லாத்தான் இருக்கு என்று பதில் போனது.

பொன்செல்வி வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அது. ஏழு மணிக்கு உள்ளே நுழைந்தாள். காலண்டர் எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. கண்ணாடிச் சட்டம் மட்டும் வெளிச்சத்தில் தொங்கியது. பழக்கத்தில் அவள் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு கிட்டே போனாள்.

கண்ணாடி பூராவும் விரல் தடங்கள். மேலிருந்து கீழ்வரை, ஒவ்வொரு வரிக்கு அடியிலும், யார் யாரோ தடவித் தடவிப் படித்துவிட்டுப் போயிருந்தார்கள். சின்ன விரல், தடித்த விரல், சோப்புப் பட்டு வெடித்த விரல். அறைப் பணியாளர் என்கிற இடத்தில் கண்ணாடியே மங்கிப்போயிருந்தது.

பொன்செல்வி துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, முதல் மாடியைக் கூட்டப் போனாள்.